தோட்டத் தொழிலாளர் உரிமை வேலைக்கு வெளிநாட்டு நிதி: யாரிடம் கேட்பது, எதற்குக் கேட்பது

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். சில பேர் சேர்ந்து சின்னதாக ஓர் அமைப்பு நடத்துகிறார்களாம். தோட்டத் தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்தால் வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் தரும் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். யாரிடம் கேட்பது, எப்படி எழுதுவது, அமெரிக்கா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாமே, இனிக் கிடைக்குமா என்று மூன்று கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "காசு வாங்கினால் நீங்களும் இன்னொரு என்.ஜி.ஓ. ஆகிவிடுவீர்கள் என்று அப்பா சொல்கிறார்." முதல் மூன்றும் முகவரி விசாரிக்கிற கேள்விகள், பதில் சொல்லிவிடலாம். உங்களை உறுத்துவது அப்பா சொன்னதுதான் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து வரும் பணத்தால் தோட்டத்தில் எது மாறும், எது மாறாது, அந்தப் பணம் வாங்கியவர்களை என்ன செய்யும் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஹட்டனில் ஒரு தொழிற்சங்கத்தின் சட்டப் பிரிவில் பல வருடம் கோப்பு தூக்கியவன். பிறகு வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டங்களுக்குக் கணக்கும் அறிக்கையும் எழுதினேன். சட்டத்தரணி அல்ல. பணம் கொடுக்கிறவர்களின் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் இல்லை. இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

அமெரிக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டது சரிதான். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தினார்கள். மார்ச்சில் அந்த நாட்டுத் தொழில் திணைக்களத்தின் சர்வதேசப் பிரிவு, சிறுவர் தொழில், கட்டாய உழைப்பு, சங்க உரிமை போன்றவற்றுக்கு உலகம் முழுவதும் கொடுத்துவந்த மானியங்களை ரத்து செய்தது. ஜூலை 1ஆம் திகதியோடு அந்த அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் தனி நிறுவனமாக இயங்குவதும் முடிந்தது. அமெரிக்கா மட்டும் என்றில்லை. பிரித்தானியா தன் தேசிய வருமானத்தில் 0.5 வீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027இல் 0.3 வீதமாக்குவதாக அறிவித்தது, நெதர்லாந்தும் வெட்டியது. ஆக, கதவுகள் எல்லாம் மூடவில்லை, ஆனால் திறந்திருக்கிற கதவுகளுக்கு முன்னால் வரிசை நீண்டுவிட்டது. முன்பு அமெரிக்கப் பணத்தில் ஓடிய பெரிய அமைப்புகளும் இப்போது அதே வரிசையில்தான் நிற்கின்றன. புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு நிற்பது நல்லது.

சர்வதேசத் தொழில் அமைப்பான ஐ.எல்.ஓ.வுக்கு எழுதலாமா என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது மானியம் கொடுக்கிற இடம் அல்ல. அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கம் என்ற மூன்று தரப்போடுதான் அதன் வேலை. அதன் திட்டங்களுக்கும் வேறொரு நாட்டின் பணம்தான் வருகிறது. உங்கள் அமைப்பு நேரே போய் உட்கார அங்கே நாற்காலி இல்லை. ஒரு சங்கத்தோடு சேர்ந்து போனால் பயிற்சிக்கோ ஆய்வுக்கோ இடம் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு மாதிரி. மனித உரிமைக்கும் சிவில் அமைப்புகளுக்கும் அவ்வப்போது விண்ணப்பக் கோரல் விடுவார்கள். தொகை லட்சக்கணக்கான யூரோவில் இருக்கும். முதலில் சுருக்க முன்மொழிவு, அது தேறினால் முழு விண்ணப்பம். செலவில் ஒரு பங்கை நீங்கள் வேறு வழியில் கொண்டுவர வேண்டும். அலுவலக வாடகை, மின்சாரம் போன்ற மறைமுகச் செலவுக்கு நேரடிச் செலவில் 7 வீதத்துக்கு மேல் தரமாட்டார்கள். கடைசித் தவணை இறுதி அறிக்கையும் கணக்காய்வும் முடிந்த பிறகுதான் வரும். அதாவது அந்தக் கடைசி மாதங்களை நடத்த உங்கள் கையில் பணம் இருக்க வேண்டும். சின்ன அமைப்பு இதில் நேரே இறங்கினால் மூச்சு முட்டிவிடும். ஆனால் ஒரு வழி உண்டு. பெரிய அமைப்பொன்று அந்தப் பணத்தை வாங்கி, அதிலிருந்து சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. ஓர் அமைப்புக்குப் பொதுவாக 60,000 யூரோ வரை. கொழும்பில் யார் அந்தப் பணத்தை வாங்கியிருக்கிறார்கள், உபமானியம் எப்போது கோருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

உங்கள் அளவுக்குப் பொருந்துபவை தூதரகங்களின் சிறு நிதிகள். கனடாவின் உள்ளூர் முன்முயற்சி நிதியும் ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டமும் உள்ளூர் அமைப்புகளுக்கு நேரே கொடுக்கின்றன. படிவம் சுருக்கம், முடிவும் சீக்கிரம் தெரியும். ஆனால் ஒரு நிதியாண்டுக்குள் செலவழித்து முடிக்கச் சொல்வார்கள். உரிமை வேலை எந்த நிதியாண்டுக்கும் கட்டுப்பட்டு நடப்பதில்லை என்பது வேறு கதை. கொழும்பிலேயே இருக்கிற நீலன் திருச்செல்வம் அறக்கட்டளை உள்ளூர் அமைப்புகளுக்கு நிதி தருகிறது. பெண்கள் நடத்தும் குழுக்களுக்கு விமன்ஸ் ஃபண்ட் ஏசியா உண்டு, அதற்கும் கொழும்பில்தான் அலுவலகம். கடனுக்காக அடிமைப்படுத்தப்பட்டவர்கள், வீட்டு வேலையில் அடைத்துவைக்கப்பட்டவர்கள் போன்றோருக்கு நேரடியாக உதவும் அமைப்புகளுக்கென்று ஐ.நா. 1991இல் ஒரு தன்னார்வ நிதியம் தொடங்கியது. ஜெனீவாவிலிருந்து வருடந்தோறும் விண்ணப்பம் கோருகிறார்கள். நவீன அடிமைத்தனம் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா 2021 இறுதியில் இலங்கைக்கு வந்து, மலையகத் தொழிலாளர் நிலையையும் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அங்கே விண்ணப்பிப்பவர்கள் அதைப் படித்துவிட்டு எழுதினால் நம் பிரச்சினையை முதலிலிருந்து விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு வகைப் பணம் சங்கத்திலிருந்து சங்கத்துக்கு வருவது. நெதர்லாந்தின் எஃப்.என்.வி. சங்கத்துக்கு மொண்டியால் எஃப்.என்.வி. என்ற கை இருக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிச் ஏபர்ட் அறக்கட்டளை கொழும்பில் அலுவலகம் வைத்திருக்கிறது, அது கையில் காசு கொடுப்பதைவிடச் சேர்ந்து நிகழ்ச்சி நடத்துவதுதான் அதிகம். இவர்களெல்லாம் முதலில் கேட்பது உங்களுக்குப் பின்னால் எந்தச் சங்கம் நிற்கிறது என்பதைத்தான். அந்தக் கேள்விக்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

சரி, பணம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன ஆகும்?

சம்பளம் உயராது. இதை உறுதியாகவே சொல்கிறேன், ஏனென்றால் விண்ணப்பம் எழுதுகிற பலரும் முதல் பக்கத்திலேயே நாட்சம்பளத்தைத்தான் எழுதுகிறார்கள். கடந்த சில வருடங்களில் சம்பளம் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். கூட்டு ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று இருந்த காலத்தில், 2019இல் அடிப்படை 700 ரூபாவானது. அதற்கு முன் 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டார்கள், ஆயிரம் ரூபா கோரிக்கை நாடு முழுக்கக் கேட்டது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறின. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 என்று அறிவித்தார்கள், விவகாரம் நீதிமன்றம் போனது, செப்டம்பரில் 1,350இல் வந்து நின்றது. 2025 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படை 1,550, அதோடு அரசு தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவு என்று அறிவித்தார்கள். இவற்றில் ஒன்றையாவது ஒரு பயிற்சிப் பட்டறை கொண்டுவந்ததா? தேர்தல், தெருப் போராட்டம், சங்கங்களின் பேரம், தேயிலை விலை, இவைதான் கொண்டுவந்தன. இன்னும் பின்னால் போனால், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல் வந்ததும் வேலைநிறுத்தத்தின் பின்னால்தான். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கச் சம்மேளனம் தொடங்கியபோதும், அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடியபோதும், எத்தனை பேருக்கு என்ன செய்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் குறிகாட்டியை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

விழிப்புணர்வுக் கூட்டங்களால் தொழிலாளர் துணிச்சல் பெறுகிறார்களா என்பது எனக்குச் சந்தேகமான இடம். பெறுகிறார்கள் என்று அறிக்கைகளில் நானே எழுதியிருக்கிறேன். கூட்டத்துக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்தால் பின்னால் கொடுத்ததில் மதிப்பெண் கூடத்தான் செய்யும். மறுநாள் பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) துரை, அதாவது தோட்ட முகாமையாளர், அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால் அந்த அம்மா வாய் திறப்பாரா என்பது மதிப்பெண்ணில் தெரியாது. அவர் குடியிருக்கும் லயத்து (வரிசை வீட்டு) அறை தோட்டத்துக்குச் சொந்தம். மகனுக்குத் தோட்டத்தில் ஒரு வேலை வேண்டியிருக்கிறது. தெரியாததால் அவர் பேசாமல் இருக்கவில்லை. பேசினால் என்ன ஆகும் என்று நன்றாகவே தெரிந்துதான் பேசாமல் இருக்கிறார்.

பணம் எதற்கு உண்மையிலேயே உதவும் என்றால், ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிற, ஆனால் கைக்கு வராத காசை வாங்கிக்கொடுக்க. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணால் பார்த்த வேலை இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சம்பள நாளன்று ஒரு சம்பளச் சிட்டையை வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர், எத்தனை அரைப் பேர், மேலதிகக் கிலோ, கைக்காசு, அப்புறம் பிடிப்புகள்: சேமலாப நிதி (ஓய்வுகாலச் சேமிப்பு), சங்கச் சந்தா, கோயில் பணம், முற்பணம், கடன். கீழே மிஞ்சுகிற தொகை. பெரும்பாலானோர் அந்தக் கடைசித் தொகையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மேலே பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு 2024இன் வீதத்தையே எடுத்தால், ஒரு மாதத்தில் 20 நாள், நாளுக்கு 1,350 என்றால் 27,000 ரூபா. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம் 2,160, நிர்வாகம் போடவேண்டிய 12 வீதம் 3,240, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 810. தொழிலாளியிடம் பிடித்த 2,160 சிட்டையில் தெரியும். அது நிர்வாகத்தின் பங்கோடு சேர்ந்து அடுத்த மாதக் கடைசிக்குள் நிதியத்தில் விழுந்ததா என்பது சிட்டையில் தெரியாது. அதைத் தொழில் திணைக்களத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு எந்த நாட்டுப் பணமும் வேண்டாம், தாளும் பேனாவும் தபால் செலவும் போதும்.

ஓய்வு பெறும்போதுதான் பெரிய தொகை தவறுகிறது. 1983இன் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் உழைத்த நாட்கூலித் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் வர வேண்டும், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 28 வருடம் கொழுந்து எடுத்த ஒருவருக்கு 1,350 வீதத்தில் கணக்குப் போட்டால் 5,29,200 ரூபா. அதையே பழைய 1,000 ரூபா வீதத்தில் போட்டுக் கொடுத்தால் 3,92,000. வித்தியாசம் 1,37,200. ஒரு தனி ஆளுக்கு இவ்வளவு. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பிந்தினால் அதற்கு மிகைவரியும் சேர்த்துக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிடலாம். ஆனால் சிட்டையில் அடிப்படை எது, ஊக்கத்தொகை எது என்று பிரித்துப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஊக்கத்தொகைகள் பொதுவாகப் பணிக்கொடைக் கணக்கில் சேராது. வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்று செய்தியில் வந்ததை வைத்துப் பெருக்கிக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, பிறகு அலுவலகத்தில் தலைகுனிந்து நிற்கக்கூடாது.

இதையும் விட அதிகமாக ஆட்களை அலைய வைப்பது பெயர்ப் பிரச்சினை. செக்ரோலில் (தோட்டத்து வருகை, சம்பளப் பதிவேட்டில்) லெட்சுமி, அடையாள அட்டையில் இராமையா லட்சுமி, பிறப்புச் சான்றிதழில் இலட்சுமியம்மா, சேமலாப நிதிப் பதிவில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைவு. பெண்கள் 50 வயதில், ஆண்கள் 55 வயதில் அந்தப் பணத்தை எடுக்கலாம். எடுக்கப் போனால் நாலு பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். தோட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம், கிராம உத்தியோகத்தரிடம் ஒன்று, சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவு, அதிலும் பாதி சிங்களத்தில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசும் போகும். மூன்றாவது தடவை வெறுங்கையோடு திரும்பியவர் நாலாவது தடவை போவதில்லை. இந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுத்து, ஒரு மேசை, ஒரு நகல் இயந்திரம், பஸ் காசுக்கு ஒரு சிறு நிதி என்று வைத்தால், ஒரு வருடத்தில் அந்தப் பிரதேசத்துக்கே கை கொடுக்கலாம். வெளிநாட்டுப் பணம் கேட்க இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியாது. தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. சிங்களக் கடிதம் வந்தால் ஒருமுறையாவது திருப்பி எழுதித் தமிழில் கேளுங்கள், வேலை கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.

தனிப்பட்ட வழக்குகளில் ஓர் எச்சரிக்கை. வேலைநீக்கம் என்றால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஆகவே அப்படி ஒருவர் வந்தால் உங்கள் பட்டறைக்குத் திகதி பார்க்காதீர்கள், அன்றைக்கே சங்கத்திடமோ சட்டத்தரணியிடமோ கூட்டிப்போங்கள்.

இப்போது சங்க விஷயம். தோட்டம் தனியார் நிர்வாகத்தின் கையில் இருக்கிற இடம். உங்கள் அமைப்பு உள்ளே போய்க் கூட்டம் வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுத்தால் எதைப் பேசலாம் எதைப் பேசக்கூடாது என்பதும் அதோடு சேர்ந்தே வரும். ஊட்டச்சத்து என்றால் வாருங்கள் என்பார்கள், பணிக்கொடை என்றால் அடுத்த மாதம் பார்ப்போம் என்பார்கள். தொழிற்சங்கப் பிரதிநிதிக்கு அப்படி இல்லை. தோட்டத்துக்குள் நுழைவதற்கென்றே 1970இன் 25ஆம் இலக்கச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. நிர்வாகத்தோடு பேரம் பேசுகிற தகுதியும் அவருக்குத்தான். நீங்கள் எத்தனை லட்சம் கொண்டுவந்தாலும் இந்த இரண்டும் உங்களுக்குக் கிடைக்காது. ஏழு பேர் சேர்ந்தால் புதிதாகவே ஒரு சங்கம் பதியலாம் என்று சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் மலையகத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை, இன்னொன்றைச் சேர்ப்பதால் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சங்கங்கள் என்றால் கட்சி, தலைவர், மே தின பஸ், அடுத்த தேர்தல் என்று உங்கள் வயதுக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதில் நிறைய உண்மை இருக்கிறது. என்றாலும் ஒவ்வொரு தோட்டத்திலும் தோட்டத் தலைவர் என்று ஒருவர், மாதர் தலைவி என்று ஒருவர் இருக்கிறார்கள். மேலே இருக்கிற அரசியல் எப்படிப் போனாலும் இவர்களில் வேலை செய்கிறவர்களும் உண்டு. அவர்களோடு சேருங்கள், ஒரே சங்கத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளாதீர்கள். நகல் இயந்திர மேசைக்கு எந்தச் சங்கத்துச் சந்தாக்காரர் வந்தாலும் வேலை செய்து கொடுங்கள்.

விண்ணப்பம் எழுதுகிற விதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. உலகத் தேயிலை வரலாற்றில் தொடங்காதீர்கள், 1823இல் நம் மக்கள் வந்ததில் தொடங்கி 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது வரை மூன்று பக்கம் எழுதிய விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்தத் தோட்டங்கள், அங்கே இப்போது எத்தனை பேருக்குப் பணிக்கொடை நிலுவை என்று நீங்களே போய் எண்ணிய எண்ணிக்கை, ஒரு வருடத்தில் அதில் எத்தனையைத் தீர்க்கப் பார்ப்பீர்கள், இவ்வளவு போதும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதைக் குறிகாட்டியாக வைக்காதீர்கள், ஒருமுறை வைத்துவிட்டால் வருடக் கடைசியில் எண்ணிக்கை நிரப்ப ஆள் தேடி அலைவீர்கள். எத்தனை கோப்பு திறந்தோம், எத்தனையில் பணம் கைக்கு வந்தது, எவ்வளவு வந்தது என்று வையுங்கள். கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமையோ கொழுந்து நிறுத்து முடிந்த பிறகோ வையுங்கள். வேலை நாளில் வைத்தால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பேர் நட்டம், அதை எந்தப் பட்ஜெட்டிலும் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் நிதி தருகிறவர் மறுப்பதும் இல்லை என்பது என் அனுபவம்.

கணக்காய்வுக்குப் பணம் ஒதுக்குங்கள். இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, செலவுச் சிட்டைகள், பதிவு. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதியும் 1980இன் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதியாத அமைப்புக்குப் பெரும்பாலான நிதியங்கள் நேரே பணம் அனுப்பாது. பதிவு நடக்கும் வரை பதிந்த ஓர் அமைப்பின் கீழ் வேலை செய்யலாம், அதற்கு எழுத்தில் ஓர் உடன்படிக்கை வேண்டும். நண்பர்கள்தானே என்று விடுகிற இடம் இது இல்லை. அப்புறம், தொழிலாளர் பெயர்ப் பட்டியலையும் படங்களையும் அறிக்கையோடு அனுப்பாதீர்கள். முறைப்பாடு செய்தவரின் முகம் ஓர் இணையப் பக்கத்தில் வந்தால் அது தோட்டத்து மேற்பார்வையாளரான கணக்கப்பிள்ளையின் கைபேசிக்கு வர ஒரு நாள்கூட ஆகாது. கோப்பு எண் போதும் என்று நிதி தருகிறவரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பியச் சட்டங்கள் மூலம் நெருக்கடி கொடுக்கலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும்போது வரியைக் குறைக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010இல் போய் 2017இல் திரும்பி வந்தது. அதற்குக் கீழே 27 சர்வதேச உடன்படிக்கைகளை அரசாங்கம் மதிக்கிறதா என்று பார்க்கிறார்கள், சங்கங்களும் எழுதிக் கொடுக்கலாம். எழுதுங்கள், செலவில்லை. ஆனால் அந்தச் சலுகையால் பிழைப்பது முக்கியமாக ஆடைத் தொழில். கம்பனிகள் தாங்கள் பொருள் வாங்கும் இடங்களில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லும் ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது, பிறகு அங்கேயே அதைத் தளர்த்தும் பேச்சும் வந்துவிட்டது. நம் தேயிலையை அதிகம் வாங்குவது ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி போன்ற நாடுகள். பெர்லினில் போட்ட சட்டம் பாக்தாத் கடைக்காரரை ஒன்றும் செய்யாது. இந்த வழியில் பெரிய பலன் வரும் என்று நான் நம்பவில்லை, வராது என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். ஒரு ஜெர்மன் கம்பனி எந்தத் தோட்டத்திலிருந்து நேரே வாங்குகிறது என்று தெரிந்தால், அந்த ஒரு தோட்டத்துக்கு அது பயன்படலாம்.

நிதி தருகிறவர்கள் கவனிக்காத ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் திட்டமும் கம்பனித் தோட்டங்களைத்தான் பார்க்கிறது. ஆனால் இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி இப்போது சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது. நம் பெண்கள் தோட்டத்தில் பேர் கிடைக்காத நாளில் நாட்டுப்பக்கம், அதாவது கிராமத்துச் சிறுதோட்டங்களுக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார்கள். கம்பனித் தோட்டத்திலும் வெளியார் உற்பத்தி முறை என்று ஒரு துண்டு மலையைக் குடும்பத்திடம் ஒப்படைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். அங்கே அவர் தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா? சேமலாப நிதி யார் போடுவது, கை வெட்டுப்பட்டால் நட்டஈடு யார் கொடுப்பது? இதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை, தோட்டத்துக்குத் தோட்டம் ஒப்பந்தம் வேறுபடுகிறது. அந்த ஒப்பந்தத் தாள்களைச் சேர்த்து, தமிழில் படித்து, ஒப்பிட்டு எழுதுகிற வேலையை யாராவது செய்தால் சங்கங்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் அது உடனே உதவும். சின்ன நிதிக்குப் பொருத்தமான வேலை, பட்டறை மண்டபம்கூட வேண்டாம்.

கடைசியாக அப்பா சொன்னது. அவர் சொல்வது நடக்கக்கூடிய விஷயம்தான், பல இடத்தில் நடந்திருக்கிறது. முதல் வருடம் ஆட்கள் மேசைக்கு வருவார்கள், இரண்டாம் வருடம் அறிக்கை எழுத ஆள் போடுவீர்கள், மூன்றாம் வருடம் அந்த ஆளின் சம்பளத்துக்காக அடுத்த திட்டம் தேடுவீர்கள். அது எந்தத் தலைப்பில் வந்தாலும் வாங்குவீர்கள், காலநிலை என்றால் காலநிலை, இளைஞர் தலைமைத்துவம் என்றால் அது. இதைத் தடுக்க ஒரு வழியைத்தான் நான் வேலை செய்யப் பார்த்திருக்கிறேன். பணம் வருவதற்கு முன்பே அந்த மேசையைத் தொடங்கிவிடுவது, வருகிறவர்களிடம் ஒரு சிறு தொகையாவது வாங்குவது, அந்தச் சிறு தொகையில் எந்தப் பகுதி ஓடும் என்று எழுதிவைப்பது. நகல் எடுக்கும் செலவும் ஒருவரின் பஸ் காசும் அதில் ஓடினால் போதும். வெளிநாட்டுப் பணம் வந்தால் வேகமாக நடக்கும், நின்றால் மெதுவாக நடக்கும். கூட்டிப்போன குடும்பங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை கோயில் மண்டபத்தில் கணக்கை வாசித்துக் காட்டுங்கள், அப்பாவையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர் கேட்கிற கேள்வி எந்தக் கணக்காய்வாளர் கேட்பதையும்விடக் கடுமையாக இருக்கும்.

இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் கடந்த சில வருடங்களில் ஓய்வு பெற்றவர்களைப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்த வருடம், விட்ட வருடம், கடைசிச் சம்பளச் சிட்டை, வாங்கிய பணிக்கொடை என்று நாலு விபரம் எழுதுங்கள். சிட்டை இல்லாதவர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு தகவல்தான். அந்தப் பட்டியல் தயாரானால் உங்களுக்கு நிதி வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு, கனடாக்காரரிடமா கொழும்பு அறக்கட்டளையிடமா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பெயர்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள், கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.